இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு வீடு

ஏற்காட்டில் எல்லார் வீட்டுக் கேட்டும் எனக்குத் திறக்கும் என்று யாரோ அந்த அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார்கள். மிஷன் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் கோடு போடக் கற்ற பிள்ளைகள் இன்று எஸ்டேட் ரைட்டராகவும் கடைக்காரராகவும் பஸ் கண்டக்டராகவும் இருக்கிறார்கள். அதை வைத்துச் சொல்லியிருப்பார்கள். அதிகாரி போனில் மரியாதையாகவே பேசினார். சேர்வராயன் மலையில் இருக்கும் பழைய கட்டடங்களையும் பழைய குடியிருப்புகளையும் கணக்கெடுத்து, எவற்றையெல்லாம் பாதுகாக்க வேண்டும் என்று மேலே பரிந்துரை அனுப்பப் போகிறார்களாம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் பெண்ணை ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறார்களாம். அவளோடு உள்ளூர் ஆள் ஒருவர் போக வேண்டுமாம்.

“நீங்க கூடப் போனாப் போதும் மேடம். மத்ததையெல்லாம் ஆப் பாத்துக்கும்” என்றார்.

அந்த ஆப் பார்த்துக்கொண்ட லட்சணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். செல்போனில் அதைத் திறந்தால் வரிசையாகக் கேள்வி கேட்கும். கட்டடம் எந்த வருஷம் கட்டியது, கட்டியவர் பெயர் என்ன, எந்தப் பாணி. ஒன்றுக்குப் பதில் போடாவிட்டால் அடுத்த பக்கம் வராது. தெரியாது என்று போட அதில் இடமே இல்லை. ஆர்க்கிடெக்ட் பெண் முதல் இரண்டு நாள் மனசாட்சியோடு போராடிப் பார்த்தாள். பிறகு வருஷம் தெரியாத எல்லாவற்றுக்கும் 1900 என்று போட ஆரம்பித்தாள். எங்கள் கணக்கெடுப்பை நம்பினால், ஏற்காட்டில் முக்கால்வாசிப் பேர் ஒரே வருஷத்தில் கல்லையும் மண்ணையும் குழைத்துக்கொண்டு வீடு கட்டக் கிளம்பியிருக்க வேண்டும்.

கேட்டுகளும் திறக்கவில்லை. பெரிய பங்களாக்களின் சொந்தக்காரர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். வாசலில் இருப்பது வாட்ச்மேன். “நீங்க டீச்சர்தானுங்க, எனக்குத் தெரியாதுங்களா. ஆனா ஓனரு சொல்லாம தொறந்தா என்ற வேலை போயிருமுங்க” என்று கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று வருத்தப்படுவார்கள். உள்ளே குடியிருக்கிறவர்களுக்கோ, அளக்க வந்தாலே எடுத்துக்கொள்ள வந்திருக்கிறோம் என்ற பயம். சர்ச்சுக்குப் பின்னால் குடியிருக்கும் ஒருவர், “எங்க ஊடு பழசே இல்லீங்க, போன வருசந்தான் பெயின்ட் அடிச்சோம்” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவருடைய திருமணத்துக்கு நான் போயிருக்கிறேன். அப்போதே அந்த வீட்டின் மரப்படியில் கால் வைத்தால் வீடு முழுக்கக் கேட்கும்.

இப்படியே தை மாதம் கழிந்தது. வீட்டுக்கு வந்து காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தால் என் கணவர் பேப்பரைத் தாழ்த்தாமலே கேட்பார், “இன்னைக்கு எத்தனை கேட்டு பாத்தே?”

அதற்குள் அதிகாரியிடமிருந்து இன்னொரு போன். கட்டடங்கள் போதும் மேடம், குடியிருப்பு என்ற பகுதி காலியாக இருக்கிறது, ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய் நல்ல வீடாக நாலு பாருங்கள் என்றார். உடனே எனக்கு ஞாபகம் வந்தது செம்மநத்தத்துக்காரிதான். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் மிளகும் பட்டர் புரூட்டும் விற்க வருகிறவள். நாற்பது வயது இருக்கும். பல வருஷமாக நான் அவளிடம்தான் மிளகு வாங்குகிறேன். நாங்கள் கேட்டு கேட்டாக அலைவதைப் பற்றிச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டு, “எங்கூருக்கு வாங்க டீச்சரம்மா. எங்கூட்டக் காட்டியும் பழசு இந்த மலை மேல எங்க இருக்குது” என்றிருந்தாள்.

ஆபீஸ் ஜீப் வரும் என்றார்கள். வரவில்லை. பஸ்ஸில் போனோம். அந்த ரோட்டில் எதிரே ஒரு டெம்போ வந்தாலே பஸ் பின்வாங்க வேண்டும். அன்றைக்கு எதிரே வந்தது காப்பி மூட்டை ஏற்றிய லாரி. இறங்கி நின்று, லாரி டிரைவரும் பஸ் டிரைவரும் யார் பின்னால் போவது என்று பேசி முடிக்கும் வரை பனியில் நனைந்து, ஊர் போய்ச் சேர்ந்தபோது ஊரே கூடியிருந்தது. ரோடு அகலமாக்க அளக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். இல்லை, வீடு பார்க்க வந்திருக்கிறோம் என்றதும் பாதிக் கூட்டம் காட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது.

அவள் சொன்னது பொய்யில்லை. சரிவில் ஒட்டினாற்போல் இருந்தது வீடு. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கனத்த சுவர். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். தலைக்கு மேலே மரத்தால் பரண், அதில் சாமையும் ராகியும். மூலையில் தானியம் கொட்டி வைக்கச் சுவரோடு சேர்த்தே எழுப்பிய மண் குதிர். முன்பு புல் வேய்ந்திருந்த கூரைக்குப் பிற்காலத்தில் எப்போதோ ஓடு போட்டிருந்தார்கள். வெளியே பனி எலும்பைத் துளைத்தது, உள்ளே கதகதவென்று இருந்தது. ஆர்க்கிடெக்ட் பெண் அதுவரை நான் பார்த்திராத முகத்தோடு டேப்பை இழுத்துக்கொண்டு மூலை மூலையாக ஓடினாள். “டீச்சர், இந்த வீட்ல ஒரு மூலைகூட நேரா இல்ல, ஆனா ஒரு விரிசலும் இல்ல பாருங்க” என்றாள். நான் வாசலுக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து வரைந்தேன். பங்களாக்களை வரையும்போது வராத கை அன்றைக்கு எனக்கு வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டுக்காரி வெல்லம் போட்ட கடுங்காப்பியைக் கொடுத்துவிட்டு, டேப் ஓடுவதை வேடிக்கை பார்த்தாள். “நல்லா அளந்துக்க கண்ணு. பங்குனியில இடிக்கிறோம்” என்றாள்.

டேப் நின்றது. “இடிக்கிறீங்களா? எதுக்குக்கா?”

“கவர்மென்ட்டுத் தொகுப்பு ஊடு வந்திருக்குதில்ல. ஓவர்சியர் வந்து போட்டோ புடிச்சுட்டுப் போயிட்டாரு. பழசப் பிரிச்சு அஸ்திவாரம் எடுத்துப்போட்டா மொதப் பணம் வந்துருமுன்னு சொன்னாருங்க.”

“இது எவ்வளவு அருமையான வீடுன்னு தெரியுமாக்கா?”

அவள் புருஷன் வாசலில் மிளகைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். தலையைத் தூக்கி, “அருமைதானுங்க” என்றார். “கொரங்கு குதிச்சு ஓடு ஒடையுது. இந்த ஓடு இப்ப எங்கீமே கெடைக்கிறதில்லைங்க. மழையில எந்தப் பக்கம் ஒழுகுதுன்னு பாத்துப் பாத்துப் பாயை இழுத்துப் போடோணும். என்ற பொண்டாட்டிக்குப் பொகையில கண்ணு மங்கிப்போச்சு. நீங்க ஒரு அடைமழைக்கு இங்க இருந்து பாத்துட்டுச் சொல்லுங்க.”

இதை வைத்துக்கொண்டு வேறு இடத்தில் கட்டலாமே என்று ஆர்க்கிடெக்ட் பெண் கேட்டாள். பட்டா இருப்பது இந்த மனைக்கு மட்டும்தான், மற்றதெல்லாம் காப்பி நிற்கிற சரிவு என்றார் அவர். அவள் டேப்பைச் சுருட்டினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில், இந்த வீட்டைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடலாமா என்று கேட்டேன். அவள் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பாமல், “இடிக்காதீங்கன்னு நாம சொல்லலையே டீச்சர். முக்கியமான வீடுன்னு எழுதுறோம், அவ்வளவுதான். இடிச்சாலும், இப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு ஒரு பதிவாவது இருக்கட்டுமே” என்றாள். நியாயமாகத்தான் பட்டது. செல்போனில் டவர் வந்ததும் அவள் அத்தனை படங்களையும் ஏற்றி, முக்கியத்துவம் என்ற கட்டத்தில் ‘மிக அதிகம்’ என்று போட்டாள். மாசி முடிவில் அவளுடைய ஒப்பந்தமும் முடிந்தது. எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்கு நான் போவதற்கு முன்னால் செம்மநத்தத்துக்காரியே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் மிளகுப் பை இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஏனுங்க டீச்சரம்மா, எங்கூட்ட என்னங்க பண்ணி வெச்சீங்க?”

விஷயம் மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. பங்குனியில் ஓவர்சியர் சொன்னபடி பின்பாதிக் கூரையை இறக்கி, பின்சுவரையும் பிரித்திருக்கிறார்கள். அஸ்திவாரக் குழி வெட்டத் தொடங்கிய அன்று ஓவர்சியரே வந்து நிறுத்தச் சொல்லிவிட்டார். உங்கள் வீடு பாரம்பரியக் கட்டடம் என்று கம்ப்யூட்டரில் வந்திருக்கிறது, பணம் விட முடியாது என்றாராம். மறுநாள் வேறொரு ஆள் வந்து, இருக்கிற முன்சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு நம்பரை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளைகள் சேலத்தில் ஹாஸ்டலில் இருந்ததால் தப்பித்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் பாதி வீட்டில், பின்பக்கம் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

“தார்ப்பாய் காத்துல நிக்க மாட்டீங்குதுங்க. கோடை மழை ஆரம்பிச்சுருச்சு. மேல கூரை இல்லாத மண்ணுச் செவுரு, சக்கரை மாதிரி கரையுது. இடிக்கவும் உடல, இருக்கவும் உடல. நாங்க என்னத்தங்க பண்றது?”

என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவளுக்குக் காப்பி போட எழுந்துபோனார். நான் செருப்பைத் தேடினேன். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் இருக்காது என்பது வாசலில் நிற்கும்போதுதான் உறைத்தது.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். அந்த அலுவலகத்தில் ஒரு நீள வராந்தா. கணக்கெடுப்பு அதிகாரியின் அறையும், தொகுப்பு வீடு பார்க்கும் ஓவர்சியரின் அறையும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரே சுவர். இந்த அறையில் தும்மினால் அந்த அறையில் கேட்கும்.

அதிகாரி எங்களை உட்கார வைத்து நிதானமாகக் கேட்டார். “நாங்க தடையே போடலையே மேடம். இது வெறும் பரிந்துரை. மேல ஒப்புதல் ஆகி, அரசாணை வந்து, அதுக்கப்புறம்தான் எதுவும். இன்னைக்குத் தேதிக்கு அவங்க வீட்டை அவங்க என்ன வேணாலும் செய்யலாம்.”

எனக்கு உயிர் வந்தது. “அதை ஓவர்சியருக்கு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க சார்.”

“தடை போட்டிருந்தா, தடையை நீக்குறோம்னு எழுதலாம். போடாத தடையை எப்படி மேடம் நீக்குறது?”

அடுத்த அறைக்குப் போனோம். ஓவர்சியர் நல்ல மனிதர், என் அண்ணன் மகனோடு படித்தவர். “அவரு வாயில சொல்றாரு டீச்சர். நாளைக்கு ஆடிட்ல வந்து, பாரம்பரியக் கட்டடத்த இடிக்க நீதான பணம் குடுத்தேன்னு என்னையத்தானுங்க கேப்பாங்க. அவர எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, கையோட அனுப்பிப்போடறேன்.”

“எழுத மாட்டேங்கிறாரே.”

“அப்ப நான் எப்படிங்க?”

திரும்ப முதல் அறை. ஓவர்சியர் எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் தருவதாகச் சொன்னார் அதிகாரி. திரும்ப இரண்டாம் அறை. தன் பிரிவிலிருந்து அவர் பிரிவுக்கு நேராக எழுத முடியாது, சேலம் போய்த்தான் வர வேண்டும் என்றார் ஓவர்சியர். சேலம் என்றால் மலையை விட்டு இறங்கி, எங்கள் தாள் அங்கே ஒரு மேசையில் உட்கார்ந்து, திரும்ப மலை ஏறி அடுத்த அறைக்கு வர வேண்டும். “ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் நேர்ல பேசிக்கக் கூடாதா?” என்று வராந்தாவில் நின்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். பள்ளிக்கூடக் குரல், உள்ளே இருந்த எல்லாத் தலையும் நிமிர்ந்தது.

மத்தியானம் நாங்கள் வராந்தா பெஞ்சில் காத்திருந்தோம். அதிகாரியும் ஓவர்சியரும் ஒரே மேசையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஓவர்சியர் தன் ஊறுகாயை அவர் பக்கம் நகர்த்தினார். செம்மநத்தத்துக்காரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபம் அவளுக்கு ஏன் வரவில்லை என்று எனக்கு அதிலும் ஒரு எரிச்சல்.

“நீ ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கிற?” என்றேன்.

“நீங்கதான் பேசறீங்களே டீச்சரம்மா. நான் வேற பேசுனா, இந்தம்மா நொம்பப் பேசுதுன்னு அதையும் எழுதி வெச்சுக்குவாங்க.”

இப்படி அந்த மாதத்தில் எத்தனை முறை போனோம் என்று நான் கணக்கு வைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஒரு நாள் வேலை போகும். கடைசியில் அதிகாரி மனமிரங்கி ஒரு வழி சொன்னார். அந்தப் பதிவையே ஆப்பிலிருந்து எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது, ஆனால் ஏற்றியவர்தான் எடுக்க முடியும். ஏற்றியவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். போன் செய்தேன்.

அவள் முழுதும் கேட்டாள். “டீச்சர், ரெண்டு மாசம் சுத்துனதுல நமக்குக் கிடைச்ச உருப்படியான ஒரே வீடு அது.”

“பாதி கரைஞ்சு போச்சும்மா.”

“மீதிப் பாதி இருக்குல்ல. அதை அப்படியே வச்சுக்கிட்டு, பின்னாடி புதுசாச் சேர்த்துக் கட்டலாம். நான் பிளான் போட்டு எடுத்துட்டு வர்றேன். வியாழக்கிழமை வந்துடுறேன். ஓவர்சியர்கிட்ட நான் பேசுறேன். அவங்க சம்மதிக்கலேன்னா அங்கேயே வச்சு எடுத்துடுறேன், சத்தியமா.”

எனக்கு அவள் மேல் கோபமாகவும் இருந்தது, அவள் சொல்வது நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. செம்மநத்தம் வழியாகப் போகும் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன். “வரட்டுங்க, பாக்கலாம்” என்று புருஷனிடமிருந்து பதில் வந்தது.

புதன் இரவு பிடித்த மழை விடவில்லை. வியாழக்கிழமை காலை மலைப்பாதையில் மரம் விழுந்து, பஸ்களை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அவள் அடிவாரத்து டீக்கடையிலிருந்து போன் செய்தபடியே இருந்தாள். மரத்தை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னொன்றும் சாய்ந்திருக்கிறதாம், இன்றைக்கு விட மாட்டார்களாம். சாயங்காலம் சேலத்துக்குத் திரும்பிப் போனாள். செம்மநத்தத்துக்கு பஸ்ஸும் போகவில்லை, டவரும் இல்லை. ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வழியில்லை.

சனிக்கிழமைதான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். ஊருக்குள் நுழையும்போதே கடப்பாரைச் சத்தம் கேட்டது. ஊரில் பாதிப் பேர் சேர்ந்து மீதி வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கூரை இல்லை. பரண் மரங்களைத் தனியாக அடுக்கியிருந்தார்கள். முன்சுவர் முழங்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. அந்த மண் குதிர் மட்டும் இன்னும் யார் கையும் படாமல், மழையில் ஊறிக் கறுத்துப்போய்த் தனியாக நின்றது. சிவப்புப் பெயின்ட் நம்பர் எழுதிய கட்டி எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை.

ஆர்க்கிடெக்ட் பெண் குழாயில் சுருட்டி வைத்த பிளானைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வர்றோம்னு சொல்லியிருந்தோமேக்கா. ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?”

வீட்டுக்காரி தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். “பொறுத்துத்தான கண்ணு இருந்தோம். வியாழக்கெழம ராத்திரி செவுரு அப்படியே உள்பக்கமாச் சாஞ்சுருச்சு. இவரு படுத்திருந்த எடத்துல உழுந்துச்சு. மாட்டப் பாக்கலாம்னு அப்பத்தான் எந்திரிச்சுப் போயிருந்தாரு.”

அவள் அழவில்லை. மற்றவர்கள் வேலையை நிறுத்தவும் இல்லை. ஆர்க்கிடெக்ட் பெண்தான் ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதாள். வீட்டுக்காரி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “எதுக்குச் சாமி அழுகற? எங்களுக்கு ஒண்ணும் ஆவல. ஊடு தான” என்று முதுகைத் தடவினாள். அதை எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. யார் யாருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்ற கணக்கே அங்கே தலைகீழாக இருந்தது. மத்தியானம் எல்லாரோடும் எங்களுக்கும் ராகிக் களியும் கீரைக் குழம்பும் போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு அந்தப் பெண் எழுந்து, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாயங்காலம் வரை கல் பொறுக்கினாள்.

டவர் கிடைக்கும் மேட்டுக்கு வந்ததும் பதிவை எடுப்பதற்காக ஆப்பைத் திறந்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். ஒரு பதிவை நீக்க வேண்டுமானால், அந்தக் கட்டடத்தை நான்கு பக்கத்திலிருந்தும் இன்றைய தேதியில் படம் எடுத்துப் போட வேண்டும் என்று இருந்தது. திரும்ப நடந்தோம். இருட்டுவதற்குள் மண்குவியலை வடக்கிலிருந்து ஒன்று, கிழக்கிலிருந்து ஒன்று என்று எடுத்தாள். ஊர்க்காரர்கள் நாங்கள் எதையோ மறந்து வைத்துவிட்டோம் என்று நினைத்து எங்களோடு சேர்ந்து தேடினார்கள். திரும்பவும் மேடு ஏறி ஏற்றியபோது ஆப் அதை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னால் கட்டடத்தின் நிலை என்ன என்று கேட்டது. நன்று, சுமார், மோசம் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் மோசம் என்று போட்டாள்.

அடுத்த வாரமே ஓவர்சியர் போனார். பழைய வீடும் இல்லை, பதிவும் இல்லை, ஆடிட்டுக்கும் பயமில்லை. அஸ்திவாரத்தைப் படம் பிடித்தார், முதல் பணம் வந்தது. நான் அலைந்த அந்த ஒரு மாதம் முழுக்க நடக்காத காரியம், வீடு விழுந்ததும் நடந்துவிட்டது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. எங்கே போய்ச் சண்டை போடுவது? தடை போட்டவர் என்று யாரும் இல்லை. பணத்தை நிறுத்தியவர் விதிப்படி நிறுத்தினார். முக்கியமான வீடு என்று எழுதிய பெண் உண்மையைத்தான் எழுதினாள். அத்தனை பேரும் சரியாகவே நடந்துகொண்டார்கள், ஒரு மனிதர் சுவருக்கடியில் போயிருப்பார்.

கார்த்திகையில் பால் காய்ச்சினார்கள். நான், என் கணவர், கோயம்புத்தூரிலிருந்து அந்தப் பெண், ஓவர்சியர் என்று எல்லாரும் போயிருந்தோம். கான்கிரீட் கூரை, இரும்புக் கதவு, மஞ்சள் பெயின்ட். உள்ளே ஐஸ் பெட்டி மாதிரி குளிர்ந்தது. வீட்டுக்காரி என்னை அடுப்பங்கரைக்கு இழுத்துப்போய் கேஸ் அடுப்பைக் காட்டினாள். “ராத்திரியில குளிரு தாங்கறதில்லைங்க டீச்சரம்மா, பழைய ஊட்டுல இப்படி இருக்காது” என்றாள், உடனேயே, “ஆனா பொகை இல்லீங்க. ஒழுகல. பாய விரிச்ச எடத்துலயே காலையில எந்திரிக்கறோம்” என்றாள். இரண்டையும் ஒரே சந்தோஷத்தோடு சொன்னாள். ஆர்க்கிடெக்ட் பெண் கூரைக்கு உள்பக்கம் பனி கோத்து நிற்பதைப் பார்த்துவிட்டு, ஓவர்சியரிடம் மேலே ஓட்டுக்கல் பதிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் தலையாட்டிக்கொண்டே கேசரி சாப்பிட்டார்.

மார்கழியில் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. புது அதிகாரி. பழையவரை மாற்றிவிட்டார்களாம். கணக்கெடுப்பை முதலிலிருந்து தொடங்கப் போகிறார்களாம், மேடம் கூட வர வேண்டுமாம்.

“போன தடவை எடுத்ததெல்லாம் என்ன ஆச்சு சார்?”

“அது பழைய ஆப் மேடம். அதை நிறுத்திட்டாங்க. டேட்டா இதுல வராது.”

ஒரு வீட்டைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன்னால், அடுத்த அறையில் அந்த வீட்டின் பெயரில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்பீர்களா என்றேன். “நல்ல யோசனை மேடம். எழுத்துல குடுத்துட்டீங்கன்னா மேல அனுப்பி வைக்கிறேன்” என்றார். நான் வரவில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். ஆனாலும் எழுதிக் கொடுத்தேன். என் கணவர்தான் டைப் அடித்துத் தந்தார். பதில் வரவில்லை.

இப்போது வேறு மாதிரி போய்க்கொண்டிருக்கிறது. செம்மநத்தத்திலும் பக்கத்து ஊர்களிலும் வரிசையாகப் பழைய வீடுகளைப் பிரிக்கிறார்கள். யார் வீடு எப்போது என்பது செம்மநத்தத்துக்காரிக்குத் தெரியும். கல்யாண தேதி சொல்வது போல ஞாயிற்றுக்கிழமை சந்தையில் என்னிடம் சொல்லிவிடுகிறாள். பிரிப்பதற்கு முன்னால் நானும் அந்தப் பெண்ணும் போய் அளந்து, வரைந்துகொண்டு வருகிறோம். அவள் லீவு போட்டுவிட்டு வருகிறாள். யாரும் எங்களை அனுப்புவதில்லை, எங்கேயும் நாங்கள் எதையும் ஏற்றுவதில்லை. வீட்டுக்காரர்கள் கேட்டால் ஒரு நகல் கொடுக்கிறோம். பாதிப் பேர் கேட்பதில்லை. இதனால் ஒரு சுவரும் நிற்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே பஸ் ஏறுவதில் இருக்கும் எரிச்சல் ஒவ்வொரு தடவையும் லாரிக்காக இறங்கி நிற்கும்போது தலைக்கேறுகிறது.

போன வாரம் மிளகை அளந்து போட்டுக்கொண்டே சொன்னாள், மேட்டுக்காட்டில் அவள் நாத்தனார் வீட்டைச் சாமை அறுப்பு முடிந்ததும் பிரிக்கப் போகிறார்களாம்.

“அறுப்பு எப்ப முடியும்?” என்றேன்.

“அதைய எப்படிங்க சொல்றது? முடிஞ்சதும் பிரிச்சுப்போடுவாங்க. நீங்க வெள்ளிக்கெழமயே வந்துருங்க. மொத பஸ்ஸுக்கு.”

வெள்ளிக்கிழமைக்கு அந்தப் பெண்ணுக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டுப் போன் செய்திருக்கிறேன்.